சென்னை நீரிழிவுத் தடுப்பாய்வு: மூன்றும் சமம் என்ற முடிவு தாங்குமா?

இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முதல் ஆய்வை ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு 2006இல் டயபெட்டோலோஜியா இதழில் வெளியிட்டது. நீரிழிவின் முன்நிலையில் இருப்பவர்களை என்ன செய்வது என்ற கேள்வி இந்தியாவில் எழும்போதெல்லாம் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்த ஆய்வுதான். அதிலிருந்து பொதுவாக இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. வாழ்க்கைமுறை மாற்றமும் மெட்பார்மின் மாத்திரையும் நீரிழிவு வருவதைக் குறைக்கின்றன என்பது ஒன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சமம், சேர்த்துக் கொடுத்தாலும் கூடுதல் பயன் இல்லை என்பது மற்றொன்று. முதல் முடிவில் ஐயமில்லை. இரண்டாவது முடிவை அந்த ஆய்வின் எண்கள் தாங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த எண்களின் மேல் எழுப்பப்பட்ட வேறு சில வாசிப்புகளையும் இத்துடன் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கிறது.

எண்கள் இவை. குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருந்த 531 பேர் சமவாய்ப்பு முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்; குழுவுக்கு ஏறத்தாழ 130 பேர். கண்காணிப்புக் காலத்தின் இடைநிலை அளவு 30 மாதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் மூன்றாண்டில் 55.0 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறைக் குழுவில் இது 39.3, மெட்பார்மின் குழுவில் 40.5, இரண்டும் பெற்ற சேர்க்கைக் குழுவில் 39.5 விழுக்காடு. ஒப்பீட்டளவில் இடர் முறையே 28.5, 26.4, 28.2 விழுக்காடு குறைந்தது. மூன்று எண்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், பார்த்த மாத்திரத்தில் "சமம்" என்று சொல்லத் தோன்றுவது இயல்பே.

சிக்கல் இந்த எண்களில் இல்லை. அவற்றோடு அச்சிடப்பட்ட நம்பிக்கை இடைவெளிகளில் இருக்கிறது. வாழ்க்கைமுறைக் குழுவின் 28.5 விழுக்காட்டுக் குறைப்புக்கு 95 விழுக்காட்டு இடைவெளி 20.5 முதல் 37.3 வரை என்று தரப்பட்டுள்ளது. அதே வரியில் பி மதிப்பு 0.018 என்றும் இருக்கிறது. இவை இரண்டும் ஒரே தரவிலிருந்து ஒரே கேள்விக்கு வந்த விடைகளாக இருக்க முடியாது. இடைவெளியின் கீழ்முனை சுழியிலிருந்து அவ்வளவு விலகி நிற்குமானால், அதற்குரிய பி மதிப்பு ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பி மதிப்பு 0.018 என்பது சரியானால் இடைவெளி சுழியை ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்க வேண்டும். மெட்பார்மினுக்கு 19.1 முதல் 35.1 வரையும் 0.029உம், சேர்க்கைக்கு 20.3 முதல் 37.0 வரையும் 0.022உம் தரப்பட்டுள்ளன. முரண் மூன்று வரிகளிலும் ஒரே வகையானது. ஆகவே இதைத் தற்செயலான அச்சுப்பிழை என்று கொள்வது கடினம்.

இரண்டில் எது சரி? குழுக்களின் அளவு விடை தருகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 130 பேரே உள்ள இரண்டு குழுக்களில் 55.0, 39.3 என்ற வீதங்களை ஒப்பிட்டால் பி மதிப்பு 0.018ஐ ஒட்டியே வரும். அச்சிடப்பட்ட அளவுக்குக் குறுகிய இடைவெளி கிடைக்க வேண்டுமானால் குழுவுக்கு ஐந்து மடங்கு ஆட்கள் தேவைப்பட்டிருப்பார்கள். எனவே பி மதிப்பை நம்பலாம். இடைவெளியை நம்ப முடியாது. பி மதிப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் வாழ்க்கைமுறை மாற்றத்தின் பயன் ஏறத்தாழ 6 முதல் 46 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். மெட்பார்மினுக்கு அது சுமார் 3 முதல் 44 வரை. சேர்க்கைக்குச் சுமார் 5 முதல் 46 வரை.

குறுகிய இடைவெளி எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் தென்படுகிறது. இடர்க்குறைப்பு என்பது இரண்டு வீதங்களை ஒப்பிட்டுப் பெறும் அளவு. அதன் நிச்சயமின்மையில் இரு குழுக்களுக்கும் பங்குண்டு. அதை மறந்து, ஏறத்தாழ 120 பேரில் 28.5 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒன்று காணப்பட்டது என்பதுபோல ஒற்றை வீதமாக எடுத்துக்கொண்டு இடைவெளி கணக்கிட்டால், 20.5, 37.3 ஆகியவற்றை ஒட்டிய விடையே கிடைக்கிறது. மற்ற இரண்டு வரிகளும் இதே முறைக்குப் பொருந்துகின்றன. அப்படித்தான் நடந்தது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த விளக்கம் பொருந்தாவிட்டாலும் முரண் முரணாகவே நிற்கும்.

தனிநபர் தரவு கையில் இல்லாமல் இப்படிக் கணக்கிடலாமா என்று கேட்கப்படலாம். இங்கே தரப்பட்டவை தோராயமான எண்களே. உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு செய்தால் ஓரிரு விழுக்காடு முன்பின் நகரும். ஐந்து மடங்கு வேறுபாடு அதனால் மறைந்துவிடாது.

இந்தத் திருத்தத்தால் "தடுக்க முடியும்" என்ற முடிவு சற்றுத் தளர்கிறதே தவிர விழவில்லை. விழுவது "சமம்" என்பதுதான். சேர்க்கைக் குழுவை நேரடியாக வாழ்க்கைமுறைக் குழுவோடு ஒப்பிட்டால் வீதங்களின் விகிதம் ஏறத்தாழ 1. அதன் இடைவெளி சுமார் 0.74 முதல் 1.36 வரை. அதாவது, நடையோடும் உணவுக் கட்டுப்பாட்டோடும் மாத்திரையைச் சேர்ப்பது மேலும் கால் பங்கு நோயைத் தடுத்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டியும் இருக்கலாம். மருத்துவ முக்கியத்துவம் உள்ள ஒரு கூட்டுப் பயனை விலக்கிவிடும் வலிமை இந்த ஆய்வுக்கு இல்லை. வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு மேல் மாத்திரை இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறதா என்று வழக்கமான 80 விழுக்காட்டு வலிமையோடு அறிய, குழுவுக்கு 550 பேருக்கு மேல் வேண்டும். வேறுபாடு காணப்படவில்லை என்ற கூற்று வேறுபாடு இல்லை என்ற கூற்றாக மேற்கோள்களில் மாறிப்போனது புதிதல்ல. பாடநூல்களே கண்டிக்கும் பிழைதான். ஆனால் இங்கே அச்சிடப்பட்ட குறுகிய இடைவெளிகள் அந்த மாற்றத்துக்கு ஒரு போலி ஆதாரத்தையும் கொடுத்துவிட்டன. மூன்று இடைவெளிகளும் 19க்கும் 37க்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதைப் பார்க்கும் வாசகர் சமத்தன்மை மெய்ப்பிக்கப்பட்டதாக எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை.

மருந்தின் அளவும் கவனிக்கத்தக்கது. சென்னையில் கொடுக்கப்பட்டது 250 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இருமுறை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பாய்வில் கொடுக்கப்பட்டது 850 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த மருந்தோடு ஒப்பிட்டுவிட்டு "மெட்பார்மினும் நடையும் சமம்" என்று பொதுவாகச் சொல்வது, எந்த அளவு மெட்பார்மின், எந்த அளவு நடை என்ற இரண்டு கேள்விகளையும் விழுங்கிவிடுகிறது. நடையின் பக்கமும் இதே நிலைதான். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களும், நாளுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் நடப்பவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் தங்கள் வழக்கத்தையே தொடரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆகவே வாழ்க்கைமுறைக் குழுவில் ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சியைப் பொறுத்தவரை மாற்றம் என்று எதுவுமே இல்லை. குழுவின் சராசரிப் பயனில் இவர்களும் அடக்கம்.

இந்தச் சமத்தன்மையின் மேல்தான் செலவுக் கணக்கு கட்டப்பட்டது. 2007இல் அதே குழு வெளியிட்ட மதிப்பீட்டில், மூன்றாண்டு நேரடி மருத்துவச் செலவு ஒருவருக்கு ஒப்பீட்டுக் குழுவில் 2,739 ரூபாய், வாழ்க்கைமுறைக் குழுவில் 10,136, மெட்பார்மின் குழுவில் 9,881, சேர்க்கைக் குழுவில் 12,144 ரூபாய். ஒருவருக்கு நீரிழிவு வராமல் தடுக்க ஆகும் செலவு முறையே 47,341, 49,280, 61,133 ரூபாய் என்று முடிவு செய்யப்பட்டது. சேர்க்கை முறை வீண்செலவு என்ற கருத்து பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணிலிருந்து வருவது. ஆனால் இந்த எண்கள் பெறப்பட்ட வழி எளியது: கூடுதல் செலவை, ஒருவரைக் காக்க எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற எண்ணால் பெருக்கியது. வாழ்க்கைமுறைக்குக் கூடுதல் செலவு 7,397 ரூபாய், அதை 6.4ஆல் பெருக்கினால் 47,341 வந்துவிடுகிறது. அந்த 6.4க்கும் ஓர் இடைவெளி உண்டு. மேலே சொன்ன குழு அளவைக் கொண்டு கணக்கிட்டால் அது சுமார் 4 முதல் 27 வரை. அப்படியானால் ஒருவரைக் காக்கும் செலவு ஏறத்தாழ 30,000 ரூபாயாகவும் இருக்கலாம், 2 லட்சம் ரூபாயாகவும் இருக்கலாம். ரூபாயின் கடைசி இலக்கம் வரை துல்லியமாக அச்சிடப்பட்ட எண்ணின் பின்னால் இருக்கும் நிச்சயமின்மை இவ்வளவு. சேர்க்கை முறையை இந்த எண்களைக் காட்டி ஒதுக்குவது கணக்கின் மீது ஏற்ற முடியாத சுமையை ஏற்றுவதாகும்.

எதிர்த்திசையிலிருந்து வரும் இன்னொரு வாசிப்பும் உண்டு. அமெரிக்க ஆய்விலும் 2001இல் வெளியான பின்லாந்து ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றம் இடரை 58 விழுக்காடு குறைத்தது, சென்னையில் 28.5 மட்டுமே. இதைக்கொண்டு, வாழ்க்கைமுறை மாற்றம் இந்தியர்களிடம் பாதிதான் வேலை செய்கிறது என்றும், காரணம் மரபணுவோ ஒழுங்கின்மையோ என்றும் ஒரு தரப்பு எழுதிவருகிறது. விகிதங்களை மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. அமெரிக்க ஆய்வில் மூன்றாண்டில் ஒப்பீட்டுக் குழுவில் 28.9 விழுக்காட்டினருக்கும் வாழ்க்கைமுறைக் குழுவில் 14.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது; நேரடி வேறுபாடு 14.5. சென்னையில் மூன்றாண்டில் நேரடி வேறுபாடு 15.7. நூறு பேருக்குச் சிகிச்சை தந்தால் காக்கப்படுபவர்களின் எண்ணிக்கை சென்னையில் குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே வருகிறது. அதுவும் மாதந்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பும் அவ்வப்போது நேரடி அறிவுரையுமாக நடந்த எளிய திட்டத்தில்.

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் இடமில்லை. வாழ்க்கையை மாற்றிக்கொண்ட சென்னைக்காரர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. எதையும் மாற்றாத அமெரிக்கர்களைவிட இது பத்து விழுக்காட்டுப் புள்ளி அதிகம். இந்த ஆய்வின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு மூன்று சிகிச்சைக் குழுக்களிலும் இல்லை, நான்காவதான ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது. முன்நிலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாண்டுக்குள் நோயாளிகளாகிவிட்டனர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த இரண்டாவது எண்ணை எல்லோரும் ஒரே வேகத்தில் நகரும் ஒற்றைக் கூட்டமாகக் கருதினால் கணக்கு தவறும். காரணம் பின்னால் வருகிறது.

உடல் எடை குறித்த வாசிப்பு இன்னும் தயங்கி அணுக வேண்டியது. அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி உடல் நிறைக் குறியீட்டெண் 34, சென்னையில் 25.8. சென்னையின் வாழ்க்கைமுறைக் குழுவில் சராசரி எடை குறையவில்லை; ஆனாலும் நீரிழிவு குறைந்தது. இதிலிருந்து, மெலிந்த இந்தியர்களுக்கு எடைக்குறைப்பு தேவையே இல்லை என்று சிலர் முடிவு கட்டினர். சீனாவின் தாச்சிங் ஆய்வு இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. 1997இல் வெளியான அந்த ஆய்வில் 577 பேர் ஆறாண்டு கவனிக்கப்பட்டனர். மெலிந்தவர்களிடமும் பருமனானவர்களிடமும் பயன் ஒத்தே இருந்தது. எடை குறையாமலே பயன் கிடைக்கக்கூடும் என்பதை இவை காட்டுகின்றன. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணையின்றியே குருதியிலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது என்ற உடலியங்கியல் உண்மையோடும் இது ஒத்துப்போகிறது. ஆனால் எடை குறைந்திருந்தால் பயன் கூடியிருக்குமா என்பது சென்னையில் சோதிக்கப்படவே இல்லை. எடைக்குறைப்பை இலக்காக வைத்த குழு எதுவும் அங்கே இல்லாதபோது, எடைக்குறைப்பு தேவையில்லை என்று அந்த ஆய்வைக்கொண்டு சொல்ல வழியில்லை. ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் படியும் கொழுப்பு எடைக்கருவியில் தெரிவதும் இல்லை.

இனி, அந்த 531 பேர் யார் என்ற கேள்வி. அவர்கள் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இரவு முழுவதும் பட்டினி கிடந்து, காலையில் 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் நடமாட்டமின்றி உட்கார்ந்திருந்து மறுபடி குருதி கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அந்த நீர் தரும் குமட்டலை அனுபவித்தவர் இரண்டாம் முறை எளிதில் வரமாட்டார். சென்னை ஆய்வில் சேர இச்சோதனையில் இரண்டு முறை குறை தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு சோதனையின் ஏற்ற இறக்கத்தால் முடிவு கோணியிருக்கும் என்ற ஆட்சேபம் இதனாலேயே வலுவிழக்கிறது. எஞ்சிய ஏற்ற இறக்கமும் நான்கு குழுக்களுக்கும் பொதுவானது.

தேர்வு முறையின் முக்கியத்துவத்தைப் பின்வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. 2016இல் வெளியான சென்னையின் மற்றொரு ஆய்வில் அதிக எடையுள்ள 578 பேர் மூன்றாண்டு கவனிக்கப்பட்டனர். வாழ்க்கைமுறைப் பயிற்சியும், தேவைப்பட்டவர்களுக்குப் படிப்படியாக மெட்பார்மினும் தரப்பட்டன. இடர் 32 விழுக்காடு குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் இரண்டுமே கூடியிருந்தவர்களிடம் குறைப்பு 36 விழுக்காடு. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்தவர்களிடம் அது 12 விழுக்காடுதான். புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதும் அல்ல. 2018இல் வெளியான கேரள நீரிழிவுத் தடுப்பாய்வு திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை அலகாகக் கொண்டு 1,007 பேரிடம் நடந்தது. ஆட்கள் குளுக்கோஸ் தாங்குதிறனைக்கொண்டு தேர்ந்தெடுக்கப்படவில்லை. இடர் மதிப்பெண் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டனர். அக்கம்பக்கத்தாரே குழுவாகக் கூடி ஒருவரையொருவர் ஊக்குவிக்கும் முறை அது. இரண்டாண்டு முடிவில் நீரிழிவு வந்தவர்கள் ஒப்பீட்டுப் பகுதிகளில் 17.1 விழுக்காடு, திட்டப் பகுதிகளில் 14.9 விழுக்காடு. ஒப்பீட்டு இடர் 0.88, இடைவெளி 0.66 முதல் 1.16 வரை, பயன் நிறுவப்படவில்லை. ஆனால் தாங்குதிறன் குறைந்திருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது பயன் கூடுதலாகத் தெரிந்தது. இத்தகைய பின்பகுப்பாய்வை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்றாலும், சென்னையின் முடிவோடு அது ஒரே திசையில் நிற்கிறது.

கேரள முடிவைச் சமூக அளவிலான தடுப்பின் தோல்வியாக வாசிப்பது ஏற்கத்தக்கதல்ல. நடையும் உணவு மாற்றமும் வேலை செய்வது பெரும்பாலும் தாங்குதிறன் குறைந்தவர்களிடம். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருப்பதில் ஈரல் இரவில் குளுக்கோஸை மிகுதியாக வெளியிடுவதன் பங்கு பெரிது. தாங்குதிறன் குறைவில் தசையின் இன்சுலின் எதிர்ப்பின் பங்கு பெரிது. தசையை வேலை வாங்கும் நடை இரண்டாவதைத் திருத்துவதும் முதலாவதை அவ்வளவாகத் தொடாததும் எதிர்பார்க்கக் கூடியதே. முன்நிலையினர் 13.6 கோடிப் பேரும் ஒரே கூட்டம் அல்ல என்று மேலே சொன்னதன் காரணம் இது.

இங்கேதான் நடைமுறை இடறுகிறது. களத்தில் நடக்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் விரல்நுனிக் குருதியைக் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பார்ப்பதோடு முடிந்துவிடுகின்றன. வெறும் வயிற்றில் எடுத்த ஓர் அளவு, தாங்குதிறன் மட்டும் குறைந்தவரை இயல்பானவர் என்று திருப்பி அனுப்பிவிடும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்தை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களைப் பேணுவதில் அதன் பயன் தெளிவு. முன்நிலையினரையும் இத்தகைய கட்டமைப்பின் வழியாக எட்டலாம் என்ற யோசனைக்குச் சென்னை ஆய்வைச் சான்றாகக் காட்டுவதானால், அந்த ஆய்வு யாரைச் சேர்த்ததோ அவர்களைக் கண்டெடுக்கும் சோதனையும் உடன் வர வேண்டும். தாங்குதிறன் சோதனையை எல்லோருக்கும் செய்ய முடியாது என்பது உண்மை. இடர் மதிப்பெண்ணால் முதலில் சலித்து, மதிப்பெண் கூடியவர்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரச் சோதனை செய்வது நடக்கக்கூடிய வழி. ஒருவரைக் கண்டுபிடிக்க ஆன செலவை 5,278 ரூபாய் என்று 2007ஆம் ஆண்டு மதிப்பீடே தனியாகக் குறித்திருக்கிறது. தடுப்புச் செலவைப் பேசும் இடங்களில் இந்த எண் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

சென்னை ஆய்வில் இருந்த 531 பேரில் 421 பேர் ஆண்கள். பெரும்பாலும் நகரத்தில் அலுவல் பார்த்த நடுத்தர வர்க்கத்தினர், சராசரி வயது 46. பெண்கள் 110 பேர். நான்கு குழுக்களுக்கும் சமமாகப் பிரிந்தனர் என்று கொண்டால் குழுவுக்கு 27 அல்லது 28 பேர். இந்த எண்ணிக்கையைக்கொண்டு பெண்களுக்கு எது பொருந்தும் என்று தனியே எதையும் சொல்ல முடியாது. வயல் வேலைக்கோ நூறுநாள் வேலைக்கோ செல்லும் பெண்ணைப் பற்றிச் சொல்லவே முடியாது. அத்தகையவர் ஆய்வில் இருந்திருந்தாலும், இருக்கும் உழைப்பையே தொடருங்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருப்பார்கள். உழைப்புக் குறையாத அவருக்கும் தாங்குதிறன் குறையும்போது எதை மாற்றச் சொல்வது என்ற கேள்விக்கு, தட்டில் இருக்கும் சோற்றின் அளவையும் அதனுடன் வரும் பருப்பு, காயின் அளவையும் குழுவாரியாக வேறுபடுத்திப் பார்க்கும் தனி ஆய்வே விடை தர முடியும்.